பில்டரா, பைப்பா

கைபேசித் திரையில் இரண்டு படங்கள். ஒன்றில் சிவப்புச் சட்டத்துக்குள் மடிப்பு மடிப்பாக ஒரு பில்டர். மற்றதில் யானையின் தும்பிக்கை போல வளைந்த கறுப்புக் குழாய், அதன் நுனியில் கூம்பு மாதிரி ஒன்று. காலை ஆறு மணிக்கு, பரந்தன் சந்தியில் நான் வான் வண்டியில் ஏறி, சேலைத் தலைப்பைச் சரிசெய்து முடிப்பதற்குள் அந்தத் திரை என் மூக்குக்கு நேரே நீளும்.

"ரீச்சர், வடிவாப் பாருங்கோ. இதோ, அதோ?"

நீட்டியவர் எங்கள் வான் அண்ணை. அவருக்குச் சொந்தப் பெயர் இருந்தது, ஆனால் எட்டு வருடங்களில் அந்தப் பெயரைச் சொல்லி யாரும் அவரைக் கூப்பிட்டதாக எனக்கு நினைவில்லை. உருத்திரபுரத்தில் அவருடைய வீடு. அங்கிருந்து புறப்பட்டு, கிளிநொச்சியிலும் பரந்தனிலும் ஆசிரியர்களை ஏற்றிக்கொண்டு, உடையார்கட்டுக்கு உள்ளே இருந்த எங்கள் பாடசாலையில் இறக்குவார். பின்னேரம் திருப்பி ஏற்றுவார். பதினொரு பேர் போவோம். விஞ்ஞானம் படிப்பிக்கிறவள் என்பதால் எனக்கு முன் ஆசனம். அதை மரியாதை என்று மற்றவர்கள் நினைத்தார்கள். அந்த ஆசனத்துக்குக் கீழேதான் எஞ்சின் இருந்தது. சித்திரை வெயிலில் அதில் இருந்து பார்த்தவர்களுக்குத்தான் அது என்ன மரியாதை என்று தெரியும்.

அவருடைய பிரச்சினை சுருக்கமானது. எஞ்சினுக்குப் போதிய காற்றுக் கிடைக்கவில்லை என்பது அவர் முடிவு. அதற்கு இரண்டு வழி. ஒன்று, இருக்கிற காற்றுப் பெட்டிக்குள் உள்ள கடதாசி பில்டரை எடுத்துவிட்டு, எண்ணெய் பூசிய பஞ்சுத் துணி பில்டரைப் போடுவது. கழுவிக் கழுவிப் பாவிக்கலாம், காற்று கூடப் போகும். மற்றது, பெட்டியையே கழற்றி எறிந்துவிட்டு, முன் பம்பருக்குக் கீழே வாய் திறந்திருக்கிற மாதிரி ஒரு குழாயைப் பூட்டுவது. எஞ்சின் சூட்டில் வெந்த காற்றுக்குப் பதிலாக வெளியில் இருந்து குளிர்ந்த காற்று வரும். இந்த இரண்டில் எது என்பதை எட்டு மாதங்கள், போகவும் வரவும், அவர் எங்களோடு கதைத்தார். தருமபுரம் கடக்கும்போது பில்டர் வென்றிருக்கும். விசுவமடுவில் பைப் முன்னுக்கு வந்துவிடும். பாடசாலை வாசலில் இரண்டும் சமநிலையில் நிற்கும். பின்னேரம் முதலில் இருந்து தொடங்குவார்.

எனக்கு எரிச்சல் வந்தது பொருளைப் பற்றி அல்ல. வன்னியில் ஒரு மேடு கிடையாது. எங்கள் பாதையில் ஆகக் கூடிய ஏற்றம் ஒரு மதகு. அதற்கு மேல் மாடுகள், குழிகள், நெல் காயவிட்ட இடங்கள். இந்தப் பாதையில் இந்த வானுக்கு எதற்கு மேலதிக பலம்? உப அதிபரும் பின் ஆசனத்தில் இருந்து அதைத்தான் கேட்பார். "கொம்பனிக்காரன் யோசிக்காமலோ பூட்டினவன்? உள்ளதை ஒழுங்காப் பாரும் ஐசே." வான் அண்ணை கண்ணாடியில் அவரைப் பார்த்து மரியாதையாகச் சிரிப்பார். பிறகு என் பக்கம் திரும்பி, "சேருக்கு இதிலை விளக்கம் காணாது" என்று மெதுவாகச் சொல்வார்.

இந்த விவாதத்தால் நாங்கள் இரண்டு முறை பிந்தினோம். இரண்டாம் முறை வான் அண்ணை யாரோ ஒரு லொறிக்காரரை விசுவமடுவில் மறித்து, பொனற்றைத் திறக்க வைத்து, பைப்பைப் பார்த்துவிட்டு வந்தார். ஏழரைக்குப் பிறகு வரவுப் பதிவேட்டில் சிவப்புக் கோடு விழும். கோட்டுக்குக் கீழே பதினொரு பேரும் வரிசையாகக் கையெழுத்து வைத்தோம். அதிபர் பேசாமல் நின்று பார்த்தார். அவர் ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அடுத்த நாள் காலையில் வான் அண்ணை நேரே என்னிடம் கேட்டார்.

"ரீச்சர், குளிர் காத்திலை ஒட்சிசன் கூடவோ, குறையவோ?"

"கூடத்தான் அண்ணை. குளிர்ந்தால் காத்து நெருங்கி நிக்கும். அதே இடத்துக்குள்ளை கூடக் கொள்ளும்."

"அப்ப பைப்தான் சரியோ?"

"போடுங்கோ அண்ணை. பைப்பையே போடுங்கோ. போட்டிட்டு இந்தக் கதையை விடுங்கோ."

நான் சொன்ன விஞ்ஞானம் சரி. பதினொராம் ஆண்டுப் பிள்ளைகளுக்கும் அதையேதான் சொல்லிக்கொடுக்கிறேன். ஆனால் அந்தக் குழாயின் வாய் நிலத்தில் இருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கும் என்று நான் கேட்கவில்லை. அலுப்பில் சொன்ன பதில் அது. அவரோ அதை ஒரு ஆசிரியையின் தீர்ப்பாக எடுத்துக்கொண்டு, அந்தச் சனிக்கிழமையே வவுனியாவுக்குப் போய்ப் பூட்டிக்கொண்டு வந்தார். திங்கட்கிழமை வானின் சத்தம் மாறியிருந்தது. மிதிக்கும்போதெல்லாம் எஞ்சின் பெருமூச்சு விட்டது. கழற்றிய பழைய பெட்டியை ஒரு உரப்பைக்குள் சுற்றிக் கடைசி ஆசனத்துக்குக் கீழே வைத்திருந்தார். ஒரு கிழமை முழுக்க அவர் முகத்தில் இருந்த மலர்ச்சியைப் பார்த்து, போகட்டும், கதை முடிந்தது என்று நானும் ஆறுதல்பட்டேன்.

கார்த்திகை மாதம் மழை விடாமல் பெய்தது. குளம் நிரம்பி வழிந்தது. பிரதான வீதியில் இருந்து பாடசாலைக்கு உள்ளே போகிற பாதையில் ஒரு தாம்போதி, மழைத் தண்ணீர் மேலால் ஓட விட்ட தாழ்ந்த பாலம், உண்டு. அதன் மேலால் தண்ணீர் முழங்காலுக்குச் சற்றுக் கீழே ஓடிக்கொண்டிருந்தது. முந்தைய வருடங்களிலும் அப்படித்தான் ஓடியது. எங்கள் வான் அதற்குள்ளால் மெதுவாக உருண்டு அக்கரை சேர்ந்துவிடும். அன்றும் அவர் அப்படித்தான் இறக்கினார். நடுவில் போகும்போது, என் ஆசனத்துக்குக் கீழே இரும்பை இரும்பால் அடித்தது போல ஒரு சத்தம். வான் நின்றது. அவர் திறப்பைத் திருகி எஞ்சினை முடுக்கப் பார்த்தார். ஒன்றுமில்லை. மறுபடி திருகப் போனார்.

"வேண்டாம் அண்ணை!" என்று கத்தினேன். பம்பருக்குக் கீழே இருந்த அந்த வாய் தண்ணீரைக் குடித்துவிட்டது என்று எனக்கு அந்தக் கணத்தில்தான் விளங்கியது. காற்று நெருங்கும். தண்ணீர் நெருங்காது. அதுவும் பாடப் புத்தகத்தில் இருக்கிறது.

செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, ஒருவரை ஒருவர் பிடித்தபடி எல்லோரும் தண்ணீருக்குள் இறங்கினோம். மற்றவர்கள் பாடசாலைக்கு நடந்தார்கள். உழவு இயந்திரம் ஒன்று வரும் வரை நான் அவரோடு கரையில் நின்றேன். என் மனம்தான் என்னை நிறுத்தியது. ஏசுவதா, மன்னிப்புக் கேட்பதா என்று தெரியாமல், எட்டு மாதங்களாக யாரும் கேட்காத கேள்வியைக் கேட்டேன்.

"ஏன் அண்ணை? இந்தத் தட்டை நிலத்திலை ஓடுறதுக்கு உங்களுக்கு ஏன் இந்தப் பைப்?"

அவர் வானைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "இஞ்சை ஓடுறதுக்கில்லை ரீச்சர். அக்காவைக் கூட்டிக்கொண்டு வாறதுக்கு."

அவர் குடும்பம் தலவாக்கலைப் பக்கத்து மலைத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் இருந்து கலவர காலத்தில் வன்னிக்கு வந்தது என்று எனக்குத் தெரியும். அப்போது அவர் சிறுபிள்ளை. அவரைத் தூக்கி வளர்த்த அக்கா, கலியாணம் கட்டியிருந்ததால் தோட்டத்திலேயே நின்றுவிட்டார் என்பது அன்றுதான் தெரியவந்தது. தன் மூத்த மகளின் கலியாணத்துக்கு அக்காவைக் கூட்டிவர இதே வானில் போயிருக்கிறார். அக்கா இருக்கிற லயத்து வீட்டுக்குப் போகிற தோட்டத்து ரோட் செங்குத்து. முதலாவது வளைவிலேயே வான் கரும்புகை விட்டு நின்றுவிட்டது. ஒரு மணித்தியாலம் முறுக்கிப் பார்த்திருக்கிறார். பிறகு அடியில் நின்று போன் பண்ணி, அக்காவை இறங்கி வரச் சொல்லியிருக்கிறார். முழங்கால் வருத்தம், ஏலாது என்றாராம். கலியாண வேலை கிடந்ததால் தனியே திரும்பி வந்துவிட்டார். இளைய மகளுக்கு இப்போது நாள் வைத்தாயிற்று. இன்னும் இரண்டு கிழமை.

"இந்த முறை எப்பிடியும் ஏத்திப் போடவேணும் எண்டுதான்," என்றார்.

வானை இழுத்துக்கொண்டு போய்ப் பரந்தனில் ஒரு கராஜில் விட்டார்கள். எஞ்சினுக்குள் தண்டு வளைந்துவிட்டது. வேறு எஞ்சின் தேடிப் போட வேண்டும், இரண்டு கிழமைக்குள் நடக்காது. பின்னேரம் பஸ்ஸில் இருந்து இறங்கி நான் அங்கே போனபோது, மெக்கானிக் அந்த உரப்பையை அவிழ்த்துக்கொண்டிருந்தார். பழைய பெட்டியைத் திரும்பப் பூட்டத்தான் வேண்டும் என்று சொல்லிக்கொண்டே மூடியைத் திறந்தார். உள்ளே கடதாசி பில்டர் இருந்தது. அதன் மடிப்புகள் தெரியவில்லை. ரோட்டுச் செம்மண் கிரவல் புழுதி ஏறி, சிவப்புக் கல் ஒன்றை அளந்து வெட்டி வைத்தது போல இருந்தது. நிலத்தில் தட்டினார். அரைச் சிரட்டை மண் கொட்டியது.

"இது மாத்தி எவ்வளவு காலம்?"

வான் அண்ணை என்னைப் பார்த்தார். நான் அந்த மண்ணைப் பார்த்தேன்.

"பில்டரும் வேண்டாம், பைப்பும் வேண்டாம்," என்றார் மெக்கானிக். "இதை எடுத்துப்போட்டுப் புதுக் கடதாசி ஒண்டைப் போட்டிருந்தால் வான் மலையிலை பாஞ்சு ஏறியிருக்கும்."

எட்டு மாதங்கள். போகவும் வரவும். பதினொரு படித்தவர்கள். ஒருவராவது அந்தப் பெட்டியைத் திறந்து பாருங்கோ என்று சொல்லவில்லை. உள்ளதை ஒழுங்காகப் பார்க்கச் சொன்ன ஒரே ஆள் உப அதிபர். அவரைப் பார்த்து எல்லோருமாகச் சேர்ந்து சிரித்திருந்தோம். அன்று யார் மேல் கூடக் கோபம் வந்தது என்று கேட்டால், என் மேல்தான் என்று சொல்வேன்.

கலியாணத்துக்கு நான்கு நாள் இருக்கும்போது வான் அண்ணை அக்காவைக் கூட்டிவர பஸ் ஏறிப் போனார். போகிறபோது தோல்வியடைந்த மனிதர் போல இருந்தார்.

கலியாண வீட்டுக்கு நாங்கள் பஸ்ஸில்தான் போனோம். பந்தலின் முன் வரிசையில், பிளாஸ்டிக் கதிரையில் ஒரு பெண் கால்களை நீட்டி இருந்தார். நரைத்த தலையில் கனகாம்பரம். என் கையைப் பிடித்துப் பக்கத்தில் இருத்தினார்.

"நீங்கதானா அந்த சயன்ஸ் டீச்சரு? தம்பி போன்ல ஒங்களப் பத்திதான் பேசும்."

"ஓம் அம்மா. அந்த வானை நாசமாக்கினது நான்தான்," என்றேன்.

அவர் சிரித்தார். "நல்லதுதாம்மா செஞ்சீங்க. வேன் இல்லாததுனாலதான் அவன் நடந்து வந்தான். ரெண்டு மைல் ஏறி, மூச்சு வாங்கிக்கிட்டு, லயத்து வாசல்ல வந்து நின்னான். பக்கத்து வீட்டுப் பையன் ஆட்டோவுலதான் என்னய எறக்கிட்டு வந்தான். தெனமும் அந்த ஆட்டோ ஏறி எறங்குது."

"அப்ப போன முறை அந்த ஆட்டோவிலை வந்திருக்கலாமே?"

பந்தலில் பந்தி கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். வான் அண்ணை தண்ணீர்ப் போத்தல்களோடு எங்கள் பக்கமாக வந்துகொண்டிருந்தார். அவர் கேட்கும்படியாகவே அக்கா சொன்னார்:

"அன்னைக்கு பொடவை கட்டி, பையத் தூக்கி வச்சுக்கிட்டு மேலருந்து பாத்துக்கிட்டேதான் இருந்தேன். கீழ வேன் உறுமுது, நிக்குது, உறுமுது, நிக்குது. ஒரு மணி நேரம். வேன் ஏறலைன்னா என்னாடா, நீ ஏறி வந்திருக்கலாம்ல?"

வான் அண்ணை ஒரு போத்தலை என் கையில் தந்தார். இன்னொன்றை மூடியைத் திறந்து அக்காவிடம் கொடுத்தார். அடுத்த வரிசைக்குப் போனார்.

அதற்கு அடுத்த வருடம் எனக்கு வீட்டுக்குக் கிட்ட இடமாற்றம் கிடைத்தது. இப்போது ஸ்கூட்டியில் பத்து நிமிடம். எஞ்சின் சூடும் இல்லை, விவாதமும் இல்லை. போன மாதம் கிளிநொச்சிச் சந்தையடியில் அவரைக் கண்டேன். வேறு எஞ்சினோடு அதே வான். ஆறு மாதத்துக்கு ஒருமுறை கடதாசி பில்டர் மாற்றுகிறாராம். விடுமுறை தொடங்குகிறது, அக்காவைக் கூட்டிவரப் போகிறேன் என்றார்.

"வானை அடியிலை தோட்டத்து ஒபிசுக்குப் பக்கத்திலை விட்டிட்டு, நான் நடந்து மேலை போவன் ரீச்சர். பிறகு ஆட்டோவிலை இறக்கிறனான்."

எனக்கு வந்ததே ஒரு எரிச்சல். இவ்வளவு பாடுபட்டு, எஞ்சினும் மாற்றி, பிறகும் அடியில் நிறுத்துவதா?

"இப்ப வான் ஏறாதோ அண்ணை?"

"ஏறும்," என்றார். "நல்லா ஏறும்."