வேண்டாம் என்று சொல்ல வேண்டியவர்

என் கணவர் படி இறங்கும்போது வலது காலை முதலில் வைப்பார். இடது காலை அதன் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்திவிட்டுத்தான் அடுத்த படிக்குப் போவார். கல்யாணமான புதிதில் காரணம் கேட்டேன். மலாயாவில், ஈப்போ ஊரில் ஓர் ஈயச் சுரங்கக் கம்பெனியின் அணிக்குக் காற்பந்து ஆடியவர் அவர். இறுதி ஆட்டத்தன்று முழங்கால் வீங்கியிருந்ததாம். வலி தெரியாமலிருக்க ஊசி போட்டுத் திடலில் இறக்கியிருக்கிறார்கள். பிற்பாதியில் கால் பிசகி விழுந்ததோடு அவருடைய ஆட்டம் முடிந்தது.

யார் இறக்கியது என்று கேட்டேன். "எங்க கோச்சு. இங்கிலாந்துக்காரரு," என்றார். அதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை. மிச்சத்தை நானே நிரப்பிக்கொண்டேன். ஒரு வெள்ளைக்காரன் கோப்பைக்கு ஆசைப்பட்டு என் புருஷன் காலை நாசம் பண்ணிவிட்டான் என்று என் அக்காவிடம் சொன்னேன், மாமியாரிடம் சொன்னேன், ஆக்லாந்துக்கு வந்த பிறகு இங்கே பழகியவர்களிடமும் சொன்னேன். கணவர் பக்கத்தில் இருக்கும்போதே சொல்லியிருக்கிறேன். அவர் மறுத்ததில்லை.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஆக்லாந்தின் லின்ஃபீல்டு பகுதியில் ஒரு பழைய பலகை வீட்டில் குடியிருந்தோம். மகளுக்கு அப்போது பதின்மூன்று வயது. பள்ளிக்கூடத் தோழிகள் சாக்கர் ஆடுகிறார்கள், நானும் ஆட வேண்டும் என்று ஒரே பிடிவாதம். பக்கத்திலிருந்த கிளப்பில் சேர்க்க மூவரும் போனோம். சரிவில் திடலுக்கு இறங்கவேண்டும். புல் ஈரமாக இருந்ததால் கணவர் பக்கவாட்டில் திரும்பி, ஒவ்வொரு காலாக வைத்து இறங்கினார். கீழே பந்துகளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்த ஒரு கிழவர் நிமிர்ந்து பார்த்தார். பார்த்தவர் பம்பைக் கீழே வைத்துவிட்டு அப்படியே நின்றார். நாங்கள் கிட்டே போனதும் என் கணவரை ஒரு செல்லப் பெயர் சொல்லி அழைத்தார். அப்படி யாரும் அவரை அழைத்து நான் கேட்டதில்லை.

"கோச்," என்றார் என் கணவர். இருவரும் கைகுலுக்கினார்கள். கிழவரின் கண் என் கணவரின் முழங்காலை விட்டு நகரவில்லை.

நான் கையை நீட்டவில்லை. குடையைப் பிடித்திருந்தது வசதியாகப் போயிற்று.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கிழவர் கையில் ஒரு பை பழத்தோடு எங்கள் வாசலில் நின்றார். அதற்கடுத்த ஞாயிறும் வந்தார். கணவர் சாப்பிடச் சொன்னார், நான் பரிமாறினேன். மலாயாவில் இருந்தவர் என்பதால் சோற்றைக் கையால் பிசைந்து சாப்பிடத் தெரிந்திருந்தது. சாப்பிட்டபடியே அவர் சொன்னதிலிருந்து அவர் வாழ்க்கை துண்டு துண்டாக எனக்குத் தெரியவந்தது. வட இங்கிலாந்தில் ஒரு பஞ்சாலை ஊரில் பிறந்தவர். அந்த ஊர் அணிக்கே பல வருடம் ஆடியிருக்கிறார். பெரிய அணி எதுவும் அவரைக் கூப்பிடவில்லை. கால் தளர ஆரம்பித்ததும் பத்திரிகை விளம்பரம் ஒன்றைப் பார்த்து ஹாங்காங்குக்குக் கப்பல் ஏறி, அங்கே ஆடிக்கொண்டே பயிற்சியும் கொடுத்திருக்கிறார். அங்கிருந்து ஈப்போ, பிறகு மெல்பர்ன், கடைசியில் ஆக்லாந்து. மனைவி ஹாங்காங்கோடு போதும் என்று ஊர் திரும்பிவிட்டாளாம். இங்கே வாரநாளில் ஒரு செருப்புக் கடையில் வேலை. சாயங்காலமும் சனிக்கிழமையும் சிறுமிகளுக்குப் பயிற்சி.

இதையெல்லாம் கேட்டும் எனக்கு இரக்கம் வரவில்லை. படட்டும் என்றுதான் இருந்தது.

சீசன் தொடங்கியதும் மகளை முதல் பதினொருவரில் போட்டார். இடதுபுற முன்வரிசை. அவள் நன்றாக ஓடுவாள், ஆனால் பந்து காலுக்கு வந்தால் என்ன செய்வதென்று தெரியாமல் திகைத்து நிற்பாள். அதே இடத்தில் ஆடக்கூடிய இன்னொரு பெண் இருந்தாள். சமோவாக் குடும்பம், உயரமான பெண். பயிற்சியின்போது அவள் காலில் பந்து ஒட்டிக்கொண்டு போவது எனக்கே தெரிந்தது. ஆட்ட நாளில் அவள் குளிருக்கான ஜாக்கெட்டைப் போர்த்திக்கொண்டு கோட்டுக்கு வெளியே நின்றாள். இடைவேளையில் மற்றவர்களுக்கு ஆரஞ்சுச் சுளை கொண்டுபோய்க் கொடுப்பாள். ஆட்டம் முடியப்போகும் நேரத்தில் சில நிமிடம் இறக்குவார்கள். அவள் அம்மா எல்லாச் சனிக்கிழமையும் மழையில் நின்று, எல்லாப் பிள்ளைகளுக்கும் சேர்த்துக் கைதட்டுவாள். என் மகளுக்கும்தான்.

ஏன் இப்படி நடக்கிறது என்று எனக்குத் தெரியும். கிழவர் எங்களுக்குச் செய்ய வேண்டியது இன்னும் எவ்வளவோ இருக்கிறது, இது ஒரு ஆரம்பம் என்று நினைத்துக்கொண்டேன். அந்த அம்மாவுக்குப் பக்கத்தில் நிற்கும்போது மட்டும் கொஞ்சம் தள்ளி நின்றுகொள்வேன்.

பாதி சீசன் இப்படியே போனது. ஒரு சனிக்கிழமை ஆட்டத்தில் மகள் காலுக்கு வந்த பந்தையெல்லாம் இழந்தாள். மறுநாள் மதியம் வழக்கம்போல அவர் சாப்பிட வந்தார். மீன் குழம்பு வைத்திருந்தேன். மகள் தட்டில் கை வைக்காமல் அவரிடம் ஆங்கிலத்தில் நேராகவே கேட்டாள். அந்தச் சமோவாப் பொண்ணு என்னைவிட நல்லா ஆடுறா, டீம்ல எல்லாருக்கும் தெரியும், அப்புறம் ஏன் என்னைப் போடுறீங்க?

அவர் என் கணவரைப் பார்த்தார். பிறகு மேஜைக்கு அடியில், எப்போதும் நீட்டியபடியே இருக்கும் அந்தக் காலைப் பார்த்தார். மகள் கெட்டிக்காரி. "அப்பாவோட காலுக்காகவா?" என்றாள்.

நான் அவளை உள்ளே போகச் சொன்னேன். கணவர் தடுத்தார். அவளும் கேட்கட்டும் என்றார். பிறகு ஆங்கிலத்தில், நிதானமாக, கிழவரிடம் சொன்னார்.

"கோச், நீங்க அன்னிக்கு என்னை உட்காருன்னுதான் சொன்னீங்க. நான்தான் உங்க பின்னாடியே வந்து கெஞ்சினேன். டாக்டரைத் தேடிப் போயி ஊசி போடச் சொன்னதும் நான்தான்."

கரண்டியைக் குழம்புச் சட்டிக்குள்ளேயே விட்டுவிட்டேன்.

இத்தனை வருடம் அந்தப் பாரத்தை இறக்கிவைக்க இப்படி ஒரு வார்த்தைக்குத்தான் கிழவர் காத்திருந்திருப்பார் என்று தோன்றியது. ஆனால் அவர் முகம் தெளியவில்லை.

"தெரியும். நீ கெஞ்சினே," என்றார். "உனக்கு இருபது வயசு. இருபது வயசுல எல்லாரும் கெஞ்சுவாங்க. எனக்கு நாற்பது. வேண்டாம்னு சொல்றதுக்குத்தான் எனக்குச் சம்பளம் கொடுத்தாங்க. முதல்ல சொன்னேன். ரெண்டாவது தடவை நீ கேட்டப்ப எனக்கும் கோப்பை கண்ணுல பட்டுது."

கிழவர் தன் தட்டைத் தானே எடுத்துப்போய்க் கழுவினார். மகளிடம் வந்து, உன்னிடம் நான் நியாயமாக நடந்துகொள்ளவில்லை, அந்தப் பெண்ணிடம் அதைவிட மோசமாக நடந்துகொண்டேன் என்றார். அவள் தோளைக் குலுக்கினாள். அவர் போன பிறகுதான் அழுதாள்.

அன்று சாயங்காலம் துணி மடித்துக்கொண்டே கணவரிடம் கேட்டேன். நான் அந்த மனுஷரை இத்தனை பேரிடம் திட்டித் தீர்த்தேனே, ஒரு தடவையாவது நிறுத்தச் சொல்லியிருக்கக் கூடாதா?

"நீ அவரு மேல கோபப்படுறப்ப எனக்கு ஆறுதலா இருந்திச்சு," என்றார். "என் காலை நானே கெடுத்துக்கிட்டேன்னு நெனச்சிக்கிட்டு எப்படி வாழ்றது, சொல்லு."

அவரைக் கோபித்துக்கொள்ளலாம் என்று பார்த்தேன். முடியவில்லை. அவர் சொல்லாமல் விட்ட இடங்களையெல்லாம் நிரப்பியது நான்தானே. அந்தச் சமோவாப் பெண்ணுக்கு நடப்பது புரிந்தும் திடல் ஓரத்தில் நான் வாயை மூடிக்கொண்டு நின்றதற்கு எந்த ஊசியும் காரணமில்லை.

அடுத்த சனிக்கிழமை சமோவாப் பெண் முதலிலிருந்தே ஆடினாள், இரண்டு கோல் போட்டாள். மகள் ஜாக்கெட்டைப் போர்த்திக்கொண்டு வெளியே நின்றாள். அவள் முகத்தில் வருத்தத்தைத் தேடினேன், தென்படவில்லை. சீசன் முடிந்ததும் சாக்கரை விட்டுவிட்டு நெட்பாலில் சேர்ந்தாள். அது அவளுக்குச் சரியாக வந்தது.

கிழவர் அந்த ஞாயிறுக்குப் பிறகு ஒரே ஒருமுறைதான் வந்தார், கோடையில், சொல்லிக்கொண்டு போக. பிரிஸ்பேன் பக்கம் ஒரு சின்ன கிளப் கூப்பிட்டிருந்தது. இந்த வயதிலா என்று கணவர் கேட்டதற்கு, வேறு எதுவும் கற்றுக்கொள்ளவில்லையே என்றார். கிளம்பும்போது என்னிடம் கை நீட்டினார். பிடித்துக்கொண்டேன். மன்னிப்புக் கேட்க நினைத்தேன். ஆனால் எதற்கு என்று சொல்ல வேண்டும், அவர் முதுகுக்குப் பின்னால் எத்தனை பேரிடம் என்ன சொன்னேன் என்பதெல்லாம் அவருக்குத் தெரியாது, தெரிந்து அவருக்கு என்ன ஆகப்போகிறது என்று குழம்பி, மீன் குழம்பு கொஞ்சம் கட்டித் தரவா என்று கேட்டேன். விமானத்தில் கொட்டிவிடும் என்று சிரித்தார்.

அந்த வருடமே பக்கத்திலிருந்த நியூ லின்னில் ஒரு துணிக்கடையில் எனக்கு வேலை கிடைத்தது. ஒருநாள் அந்தச் சமோவா அம்மா கடைக்கு வந்தாள். மகளை ஆக்லாந்து அணிக்குத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள் என்று சந்தோஷமாகச் சொன்னாள். உங்கள் மகள் எப்படி இருக்கிறாள், நன்றாக ஓடுவாளே என்று விசாரித்தாள். பூப்போட்ட துணி மூன்று மீட்டர் கேட்டாள். நான் வேண்டுமென்றே நீட்டி அளந்து, கொஞ்சம் கூடுதலாக வெட்டினேன். அவள் தையல் தெரிந்தவள். துணியைக் கையில் தூக்கிப் பார்த்து, அதிகம் வெட்டிவிட்டாயே, முதலாளி உன் சம்பளத்தில் பிடிக்கப்போகிறார் என்று கவலைப்பட்டாள். பரவாயில்லை என்று நான் எவ்வளவோ சொல்லியும் கேட்காமல், கூடுதல் துணிக்கும் சேர்த்துக் காசு கொடுத்துவிட்டுப் போனாள்.