நாலு மூலையிலும் ஒட்ட வேண்டும்

பொழுது விடிந்ததும் நாள்காட்டியில் அன்றைய தேதியைக் கிழித்துச் சட்டைப்பையில் செருகிக்கொண்டுதான் அவர், வண்டிகளுக்கு ரேடியேட்டர் விசிறி பொருத்தும் தன் பட்டறைக்குக் கிளம்புகிறார். "எங்க வீட்டுச் சுவத்துல எப்பவும் நாளைய தேதிதான்" என்பது மனைவியின் புலம்பல். விசிறி பொருத்தியதும் வண்டியை முடுக்கி, ரேடியேட்டரின் முன்பக்கம் அந்தக் காகிதத்தை வைத்துக் கையை எடுத்துவிடுவார். பின்னால் சுழலும் விசிறி காற்றை ஒழுங்காக இழுத்தால் காகிதம் பல்லி போல ஒட்டிக்கொள்ளும். நடுவில் ஒட்டினால் போதாது, நாலு மூலையிலும் ஒட்ட வேண்டும். அதனால் அவருக்குக் காகிதக்காரர் என்றே பெயர்.

விசிறி தேர்ந்தெடுப்பதில் அவரிடம் யார் பேச்சும் எடுபடாது. போன வாரம், பிக்கப் வண்டியில் கோழிக்குஞ்சு ஏற்றிப்போகும் வண்டிக்காரம்மா வந்தார். "மேடு ஏறும்போது கொதிக்குதுண்ணே. இருக்கறதுலயே பெருசா ஒண்ணு போட்டு விடுங்க."

காகிதக்காரர் ரேடியேட்டரை அளந்தார். அதற்கும் இன்ஜினுக்கும் நடுவே நாலு விரலை நுழைத்துப் பார்த்தார். "ரேடியேட்டர் கட்டம், விசிறி வட்டம். பெருசா ஒண்ணப் போட்டா மூலையெல்லாம் காத்தில்லாமப் பட்டினி கெடக்கும்மா. சின்னதா ரெண்டு, சுத்தித் தகரக் கூடு. அதான் உங்க வண்டிக்கு." விசிறி டப்பாவில் அச்சடித்திருந்த எண்களை அவர் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. இரண்டையும் ஓடவிட்டு, பேட்டரி தாங்குமா என்றறிய ஹெட்லைட் மங்குகிறதா என்று மட்டும் பார்த்தார். மங்கவில்லை.

அன்றைய காகிதம் காலையிலேயே வேறொரு வண்டியில் எண்ணெய் பட்டுக் கிழிந்திருந்தது. சத்தத்தைக் கேட்டே, "நல்லா ஓடுது, கிளம்புங்க" என்று அனுப்பிவிட்டார். முப்பது வருஷம் பழகிய காது.

மேட்டுத் திருப்பத்தில் வண்டி கொதித்து நின்றது. உச்சி வெயிலில் பாதிக் குஞ்சுகள் செத்துப்போயின.

மறுநாள் திரும்பி வந்த வண்டிக்காரம்மா சண்டைக்கு நிற்கவில்லை. காலிப் பெட்டிகளைக் காட்டினார், அவ்வளவுதான். காகிதக்காரர் இன்ஜினை முடுக்கி, அன்றைய காகிதத்தை வைத்தார். அது பறந்து வந்து அவர் முகத்திலேயே அடித்தது. ஒயர் மாறியிருந்தது. விசிறிகள் தலைகீழாகச் சுழன்று, ஓடும் வண்டியின் எதிர்காற்றோடு மல்லுக்கு நின்றிருக்கின்றன.

ரேடியேட்டரில் அடைப்பு என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். யாருக்குத் தெரியப்போகிறது? அவர் சொன்னது வேறு. "தப்பு என்னுதும்மா. ஒயர மாத்திக் குடுத்துட்டேன். காத நம்பிட்டேன்." இப்படிச் சொல்ல நெஞ்சில் தெம்பு வேண்டும். அது அவரிடம் இருக்கிறது.

ஒயரைச் சரிசெய்ததும் காகிதம் நாலு மூலையிலும் ஒட்டியது. வண்டிக்காரம்மாவுக்கு அது போதவில்லை. "நாளைக்கு மறுபடியும் ஏத்தணும். இன்னொரு தடவ செத்தா பண்ணையில எனக்குக் குஞ்சே குடுக்க மாட்டாங்க. நம்பிப் போலாமாண்ணே?"

"நானும் வரேன்" என்றார்.

பட்டறையை விட்டு நகராத மனிதர் மறுநாள் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தார். ஒரு குஞ்சுப் பெட்டியைக் கேட்டு வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். அதே திருப்பம், அதே வெயில். விசிறிகள் இரைந்தன.

"சூடு காட்டுற முள்ளு நடுவுலயே நிக்குதுண்ணே, பாருங்க" என்றார் வண்டிக்காரம்மா.

காகிதக்காரர் முள்ளைப் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, பெட்டியின் மூடிமேல் காதை வைத்திருந்தார்.