அண்ணன் வெட்ட மறுத்த கால்

எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சோறு முடிந்ததும் மூன்று பேர் ஜோம்பி அடிக்கக் கிளம்புவோம். அண்ணனும் நானும் மலேசியாவின் வடக்கே குருணில் எங்கள் வீட்டு ஹாலில், ஒரே டிவிக்கு முன்னால் உட்கார்ந்திருப்போம். சித்தி மகன், எங்கள் தம்பி, தெற்கே ஜொகூரில் தன் வாடகை அறையில் இருப்பான். அவன் குரல் மட்டும் கைப்பேசி ஸ்பீக்கரில் வரும். அண்ணனுக்கு ஐம்பதை நெருங்கும் வயது, எனக்கு நாற்பது தாண்டியாகிவிட்டது, தம்பிக்கும் தலை நரைக்க ஆரம்பித்துவிட்டது. இந்த வயதில் இதென்ன கூத்து என்று பக்கத்து வீட்டுக்காரி கேட்டாள். பிள்ளை குட்டி என்று ஆளுக்கொரு பக்கம் இழுபட்டுக்கொண்டிருந்தால் நாங்களும் விளையாடியிருக்க மாட்டோம். அண்ணனுக்குப் பெண் அமையவில்லை. எனக்கு அமைந்தது நிலைக்கவில்லை. தம்பி அந்தப் பேச்சை எடுத்தாலே போனை வைத்துவிடுவான்.

மூவரும் பாலிங் பக்கம் ஒரே தோட்டத்தில் பிறந்தவர்கள். தோட்டம் கைமாறி, ரப்பர் போய்ச் செம்பனை வந்து, வீடுகளையும் இடித்துவிட்டார்கள். மாரியம்மன் கோயில் மட்டும் செம்பனைக்கு நடுவில் தனியாக நிற்கிறது. ஆகவே நாங்கள் மூன்று பேரும் ஒன்றாக இருக்கக் கிடைத்த இடம் என்று பார்த்தால் அந்த விளையாட்டுதான். அதுவும் பிணங்கள் நடமாடும் இடம். எங்கள் யோகம் அப்படி.

விளையாட்டு இதுதான். ஏதோ ஒரு ராஜ்யம், அதற்கு ஒரு சாபம், செத்தவர்கள் எழுந்து வருகிறார்கள். மிச்சமிருக்கும் மனிதர்கள் ஒரு கோட்டைக்குள் வேலி கட்டிக்கொண்டு பிழைக்க வேண்டும். அண்ணன் கோடரி வீரர், நான் கையிலிருந்து நெருப்பை வீசுகிற மந்திரக்காரி, தம்பி வில்லாளி. கோட்டையை விட்டு வெளியே போகும் முன் அண்ணன் எங்களை வரிசையில் நிற்க வைப்பார். தோட்டத்தில் விடியற்காலையில் ஆள் கணக்கெடுப்பதைப் பெரட்டு என்போம். அதே பெரட்டு. "பேரு குடு!" என்று கத்துவார். தம்பி அங்கிருந்து "வந்தேன் ஐயா!" என்பான். எந்த வரைபடத்திலும் இல்லாத ஒரு ராஜ்யத்தில் கங்காணி வேலை பார்த்த ஒரே ஆள் என் அண்ணனாகத்தான் இருக்கும்.

அந்த விளையாட்டில் முக்கியமான விதி ஒன்று உண்டு. ஜோம்பி கையையோ காலையோ கடித்துவிட்டால் கடிபட்ட இடம் கறுக்கும். கறுப்பு கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏறும். நெஞ்சைத் தொடுவதற்குள் அந்தக் கையை அல்லது காலை வெட்டிவிட வேண்டும். வெட்டாவிட்டால் நாமும் ஜோம்பிதான். தம்பி ஒவ்வொரு தடவையும் தயங்குவான். "வெட்டுடா! யோசிக்கிற நேரத்துல மேல ஏறிடும். கை போனா போவுது, ஆளு தப்பிச்சா போதும் லா," என்று அண்ணன் அதட்டுவார். தனக்கு வந்தால் கண்ணை மூடிக்கொண்டு வெட்டுவார். மலைக்கோட்டையில் ஒரு மருத்துவச்சி இருப்பாள், மூலிகை கொண்டுபோய்க் கொடுத்தால் போன கை திரும்ப முளைத்துவிடும்.

விளையாட்டுக்கு வெளியே அண்ணன் ஒரு தொழிற்சாலையில் ஜாகா. கேட்டைத் திறந்து மூடுகிற காவல் வேலை. கார்க்காரர்கள் கண்ணாடியைக்கூட இறக்காமல் போவார்கள். அவருக்குப் பல வருடமாக இனிப்பு நீர், சர்க்கரை வியாதி. எங்கள் அம்மா எங்களுக்கு விட்டுப்போன சொத்து அது ஒன்றுதான். அரசாங்க கிளினிக்கில் கொடுத்த மாத்திரை அலமாரியில் இருக்கும், ஞாபகம் வந்தால் போடுவார். சீனிப்பால் ஊற்றி ஆற்றிய தே தாரிக் டீ மட்டும் ஞாபகமில்லாமலே உள்ளே போகும்.

ஒரு வருடம் மாரியம்மன் கோயில் திருவிழாவில் தீ மிதிப்பதாகக் காப்புக் கட்டினார். பாலிங்குக்குப் போனோம். தம்பியும் ஜொகூரிலிருந்து பஸ் பிடித்து வந்திருந்தான். பூக்குழியில் எல்லோரும் ஓடுவார்கள். ஓடிப்போய்ப் பால்குழியில் காலை வைத்ததும்தான் முகத்தில் உயிர் வரும். அண்ணன் ஓடவில்லை. கடைத்தெருவில் நடப்பதுபோல் நடந்தார். நடுக்குழியில் நின்று, திரும்பி, அம்மனைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு மறுபடி நடந்தார். அப்புறம் எழுந்த குலவைச் சத்தத்தில் எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. பெண்கள் வரிசையாக அவர் காலில் விழுந்தார்கள். கோயில் தலைவர் தன் தோளில் கிடந்த துண்டை எடுத்து அண்ணனுக்குப் போர்த்தினார். "ஒண்ணுமே தெரியல. பூ மேல நடந்த மாதிரி இருந்துச்சு," என்று அண்ணன் சொல்லிச் சொல்லி அழுதார். நானும் காலில் விழுந்தேன். அவர் வாழ்க்கையில் யாராவது அவரை நிமிர்ந்து பார்த்த நாள் அதுதான்.

அடுத்து வந்த ஞாயிறுகளில் அண்ணனைப் பிடிக்க முடியவில்லை. விளையாட்டில் எரிகிற கிராமத்துக்குள் கோடரியோடு நேராக நடந்தார். "நமக்கென்னா நெருப்பு!" என்றார். தம்பி விழுந்து விழுந்து சிரித்தான். எனக்கும் சிரிப்புதான். ஆனால் மேசைக்கடியிலிருந்து ஏதோ ஒரு வாடை வந்துகொண்டிருந்தது. எலி செத்துக் கிடக்கிறதென்று நினைத்து சோபாவை நகர்த்திக்கூடப் பார்த்தேன். எலி இல்லை. அண்ணனின் உள்ளங்கால். காலுறையைக் கழற்றினால் தோலும் கூடவே வந்தது. அவர் முகம் சுளிக்கவில்லை. அதைப் பார்த்துத்தான் நான் பயந்தேன்.

மஞ்சளும் வேப்பிலையும் கோயில் திருநீறும் அரைத்துப் போட்டுக்கொண்டிருந்திருக்கிறார். சண்டை போட்டு சுங்கை பட்டாணி ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன். டாக்டர் ஒரு மலாய்க்காரப் பெண், பொறுமையானவள். ஊசி முனையால் பாதத்தில் குத்தி, தெரிகிறதா என்று கேட்டாள். தெரியவில்லை. கணுக்காலில் குத்தினாள். அங்கேயும் தெரியவில்லை. எத்தனை நாளாக இப்படி என்று கேட்டாள். இனிப்பு நீர் முற்றினால் கால் மரத்துவிடும், சுட்டாலும் தெரியாது, இப்போது பாதத்தை எடுத்தால் மிச்சக் கால் தப்பும், தள்ளிப்போட்டால் உயிருக்கே ஆபத்து என்றாள்.

சுட்டாலும் தெரியாது. அந்த வார்த்தை என்னைத் தொட்ட அதே நேரத்தில் அண்ணனையும் தொட்டது. அவர் என் பக்கம் திரும்பவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பூக்குழியில் இறங்கின அன்றைக்கே அந்தக் கால் செத்திருக்கிறது. நாங்கள் அருள் என்று நினைத்து விழுந்து கும்பிட்டது ஒரு செத்த காலை.

வீட்டுக்கு வந்து தண்ணீர் குடித்துவிட்டு, "வெட்ட மாட்டேன்," என்றார்.

எனக்கு வாய் சும்மா இருக்காது. "கை போனா போவுதுன்னு தம்பிய ஏசுறீங்க இல்ல? இப்ப மட்டும் என்னா?" என்றேன்.

"அது கேம் லா. அதுல திரும்ப மொளைக்கும்."

"மொளைக்காட்டி என்னா? ஆளு இருந்தா போதாதா?"

அவர் காலைப் பார்த்துக்கொண்டே பேசினார். "இந்தக் கால்லதான் எல்லாரும் விழுந்தாங்க. இத வெட்டிட்டா ஊருல என்னா சொல்லுவாங்க? மாரியம்மா கைவிட்டுட்டான்னு சொல்லுவாங்க. இல்லன்னா அன்னிக்கு வந்தது அம்மாவே இல்ல, வெறும் இனிப்பு நீருன்னு சொல்லுவாங்க. எனக்குன்னு அது ஒண்ணுதான் இருக்கு. அதையும் டாக்டர் கையில குடுக்கச் சொல்றியா?"

கெஞ்சினேன், கத்தினேன், சோறு சமைக்காமல் படுத்தேன். தம்பியிடம் சொல்லிப் பேசச் சொல்லலாம் என்று போனை எடுத்தேன். அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டார். "அவன்கிட்ட மட்டும் சொல்லாத," என்றார். தெரியாத தேவதையைவிடத் தெரிந்த பேய் மேல் என்பார்கள். என் அண்ணனுக்கு இரண்டும் ஒரே காலில் வந்து உட்கார்ந்துவிட்டன.

அடுத்த ஞாயிறு விளையாடினோம். ஆற்றங்கரையில் கூட்டமாகப் பிணங்கள் வந்து வளைத்துக்கொண்டன. அண்ணனின் வீரனை ஒன்று கெண்டைக்காலில் கவ்விவிட்டது. கறுப்பு ஏற ஆரம்பித்தது. "ண்ணே, வெட்டுங்க!" என்று தம்பி கத்தினான். அண்ணன் கையிலிருந்த கன்ட்ரோலரை மடியில் வைத்துவிட்டார். திரையைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தார். கறுப்பு முழங்காலைத் தாண்டியது, தொடையைத் தாண்டியது. தம்பி இதை விளையாட்டென்று நினைத்துச் சிரித்துக்கொண்டே திட்டினான். நெஞ்சைத் தொட்டதும் அந்த வீரன் விழுந்தான். கொஞ்ச நேரம் கழித்து எழுந்து எங்கள் பக்கம் திரும்பி நடந்து வந்தான்.

"அக்கா, அடிங்க! என்னா பார்த்துக்கிட்டு இருக்கீங்க?"

அடித்தேன். என் கையிலிருந்த நெருப்பையெல்லாம் வீசி அடித்தேன். பக்கத்தில் அண்ணன் மூச்சுவிடும் சத்தம் கேட்டது. "அதான் சரி," என்றார் மெதுவாக. எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. இந்த மனிதர் முடிவு செய்துவிட்டார், இனி என் பேச்சு எடுபடாது.

காய்ச்சல் வந்து நினைவு தப்பிப் பிதற்ற ஆரம்பித்த பிறகுதான் ஆம்புலன்ஸைக் கூப்பிட முடிந்தது. அதற்குள் விஷம் ரத்தத்தில் கலந்திருந்தது. இப்போது முழங்காலுக்கு மேல் எடுத்தாலும் உறுதி சொல்ல முடியாது என்று டாக்டர் சொன்னாள். எடுக்கச் சொன்னேன். தலைக்கு மேல் வெள்ளம் போன பிறகு சாண் என்ன, முழம் என்ன. எடுத்தார்கள். அதற்குப் பிறகு ஒரே ஒரு தடவை கண் விழித்தார். போர்வை ஒரு பக்கம் தட்டையாகக் கிடந்ததைப் பார்த்தார், அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "இனிப்பு நீருன்னு யார்கிட்டயும் சொல்லாத," என்றார். சரி என்றேன். சாகப்போகிறவரிடம் வேறென்ன சொல்வது.

சாவுக்கு தோட்டத்து ஜனம் எல்லாம் வந்தது. பாலிங்கிலிருந்து வேன் எடுத்து வந்தார்கள். பெட்டிக்குப் பக்கத்தில் நின்று பூக்குழிக் கதையைத்தான் பேசினார்கள். நடுவில் நின்றார், திரும்பினார், கும்பிட்டார். ஒரு வாயிலிருந்து இன்னொரு வாய்க்குப் போவதற்குள் அவர் அரைமணி நேரம் நெருப்பில் நின்றதாக ஆகிவிட்டது. "அவ புள்ளைய அவளே கூட்டிக்கிட்டா," என்று கோயில் தலைவர் சொன்னார். எனக்கு நாக்கு நுனிவரை வந்தது. அண்ணன் முகத்தைப் பார்த்தேன், விழுங்கிக்கொண்டேன். வீட்டுக்கு வெளியே பெயர் தெரியாமல் கேட் திறந்துகொண்டிருந்த மனிதனுக்கு அன்றைக்குக் கிடைத்த மாலைகளை வைக்க இடமில்லை.

கருமாதி முடிந்து சில வாரம் நான் டிவியைத் தொடவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தம்பிதான் கூப்பிட்டான். "வாங்கக்கா, சும்மா கொஞ்ச நேரம்." டிவியைப் போட்டேன். இரண்டு பேருக்கு அந்தக் கோட்டை ரொம்பப் பெரிது. வேலி ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. அவன் மரம் வெட்டிக் கொண்டுவந்தான், நான் வேலியைக் கட்டினேன். பிணங்கள் தூரத்தில் அலைந்துகொண்டிருந்தன.

"அக்கா, கோயில் தலைவருக்குப் போன் பண்ணிட்டேன்," என்றான். "அடுத்த வருசம் நான் எறங்குறேன். அண்ணன் பேர்ல. அண்ணன் மாதிரியே நடந்துதான் போவேன், ஓட மாட்டேன்."

என் மந்திரக்காரி வேலியருகில் அப்படியே நின்றாள். அண்ணனிடம் சரி என்று சொன்னது ஞாபகம் இருந்தது. இருந்தும் சொல்லிவிட்டேன். ஆஸ்பத்திரியில் ஊசியால் குத்தியது, தெரியாதது, டாக்டர் சொன்னது, வெட்ட மறுத்தது எல்லாவற்றையும் கொட்டினேன். "அன்னிக்கு அவருக்கு நெருப்பு தெரியாததுக்குக் காரணம் இனிப்பு நீரு. கால் மரத்துப் போயிருந்துச்சு. அம்மா இல்லடா," என்றேன்.

அவனுடைய வில்லாளி தூக்கி வந்த மரத்தைக் கீழே போட்டான்.

"அக்கா, அண்ணன் பேரக் கெடுக்காதீங்க," என்றான். கோபத்தில்கூடச் சொல்லவில்லை. எனக்குத் துக்கத்தில் புத்தி கலங்கிவிட்டது என்கிற மாதிரி, பரிதாபமாகச் சொன்னான்.

எனக்கு வேறொரு பயம் வந்தது. எங்கள் அம்மாவும் அவன் அம்மாவும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். "நீ கிளினிக்குக்குப் போயி ரத்தம் பார்த்தியா? ஒன் கால் எப்படி இருக்கு? பாதத்துல உணர்ச்சி இருக்கா? மரத்த மாதிரி ஏதாச்சும் தெரியுதா?"

"ஆமாக்கா," என்றான். "காப்புக் கட்டணும்னு மனசுல நெனச்சதுலேருந்து அப்படித்தான் இருக்கு. ஒங்களுக்கு எப்படித் தெரியும்?"

அவன் குரல் குழைந்துவிட்டது. சந்தோஷத்தில் அழுதுகொண்டிருந்தான்.

"அம்மா இப்பவே எறங்கிட்டா போல இருக்குக்கா."