பிக்கப் வண்டிக்கு நான் தேர்ந்தெடுத்த குழாய்

நல்ல காது உள்ள ஒரு டிரைவரைக் காது மந்தம் என்று சொல்லி வேலையிலிருந்து போக வைத்தேன். சொல்லும்போதே அது பொய் என்று எனக்குத் தெரியும். அறுபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. யாரும் கேட்கவில்லை, நானே எழுதுகிறேன்.

சுதந்திரம் வந்து நாலைந்து வருஷம் இருக்கும். பி.எஸ்ஸி. முடித்துவிட்டு மைசூரில் என் மாமாவின் மண்டியில் இருந்தேன். கொள்ளேகால் பக்கத்துக் காடுகளிலிருந்து புளியும் சீயக்காயும் வாங்கி விற்பது அவர் வியாபாரம். யுத்தம் முடிந்து ராணுவம் ஏலம் விட்ட பிக்கப் ஒன்று அவரிடம் இருந்தது. அதை ஓட்டியவர் அந்தக் காட்டுப் பக்கம் கௌதள்ளி என்ற ஊர்க்காரர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். கொள்ளேகால் அப்போது கோயம்புத்தூர் ஜில்லா; அவர் பேச்சும் அந்தப் பக்கத்துப் பேச்சுதான்.

அவர் வண்டியைக் காதால் ஓட்டுகிறவர். போய்க்கொண்டிருக்கும்போதே தலையைச் சாய்த்து, "மூணாவது பிளக்கு இருமுதுங்க சாமி" என்பார். நிறுத்திப் பார்த்தால் மூன்றாவதாகத்தான் இருக்கும்.

முழுப் பாரத்தோடு ஹனூர் தாண்டி வரும் ஏற்றங்களில் வண்டி திணறியது. "பிசிக்ஸ் படிச்சிருக்கியே, ஏதாவது பண்ணேன்டா" என்றார் மாமா. எனக்கு அது போதுமாயிருந்தது. பம்பாயிலிருந்து கேட்லாக்குகள் வரவழைத்தேன். வண்டியில் இருந்தது எண்ணெய்க் கிண்ணம் வைத்த காற்று வடிகட்டி. உள்ளே போகும் காற்று எண்ணெயைத் தொட்டுப் போகும். புழுதி கிண்ணத்தில் தங்கிவிடும். கேட்லாக்கில் அதிலேயே பெரிய கிண்ணம் இருந்தது. கம்பி வலை போட்டது ஒன்று இருந்தது. மூன்றாவது, வடிகட்டியே இல்லாத, ஊமத்தம்பூ மாதிரி வாய் விரிந்த வெறும் குழாய். அதில்தான் சக்தி அதிகம் என்று போட்டிருந்தது. பந்தயக் கார்களுக்கு, தார் ரோட்டுக்கு என்றும் கீழே பொடி எழுத்தில் இருந்தது. அதையும் படித்தேன்; ஆனாலும் அந்தக் குழாயையே தேர்ந்தெடுத்தேன். புகைக்குழாயிலும் அப்படித்தான்: தடுப்புகள் உள்ள பழைய சைலன்சரைக் கழற்றிவிட்டு, தடுப்பே இல்லாத நேர்க்குழாய் என்று முடிவு செய்தேன். கிராஃப் போட்டு மாமாவிடம் காட்டினேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை, சந்தோஷப்பட்டார்.

பணம் கட்டி எடுக்கும் வி.பி.பி. பார்சலாக எல்லாம் வந்தது. மெக்கானிக் மாட்டப்போகும்போது டிரைவர் பழைய எண்ணெய்க் கிண்ணத்தைக் கழற்றிக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். விரலை விட்டு அடியிலிருந்து செம்மண் சேற்றை அள்ளிக் காட்டினார்.

"ஒரு வாரத்து மண்ணுங்க சாமி. இனிமே இது எங்க போகுமுங்க?"

"பெட்ரோலோட சேர்ந்து எரிஞ்சு போயிடும்."

"மண்ணு எரியுமுங்களா?"

மெக்கானிக் சிரித்துவிட்டான். எனக்கு முகம் சுட்டது. "ஓட்டறது உம்ம வேலை. அதைப் பாரும்" என்றேன்.

"சரிங்க. சைலன்சரையாச்சும் உட்டுருங்க சாமி. இந்தக் குழாய மாட்டுனா எஞ்சின் பேசறது கேக்காதுங்க."

மாட்டச் சொன்னேன்.

வண்டி ஏற்றங்களில் நன்றாகத்தான் ஏறியது. சத்தம்தான் தாங்கவில்லை. "வண்டி வரச்சே தெருவே அதிர்றதேடா, வாசல்ல நின்னு யாரோடயும் பேச முடியலை" என்று மாமா காதைப் பொத்திக்கொள்வார். நாலு மாதம் ஓடியது, அதுவும் கோடைப் புழுதியில். ஒரு நாள் ஹனூருக்கு இப்பால் எஞ்சின் பிளந்து நின்றது.

மைசூருக்கு இழுத்து வந்து பிரித்தபோது நாங்கள் மூவரும் பக்கத்தில் நின்றோம். மெக்கானிக் உள்ளிருந்த கறுப்பு எண்ணெய் மையை விரலில் எடுத்துத் தேய்த்தான். மண் நறநறத்தது. என்னை ஒரு தடவை பார்த்தான். பிறகு மாமாவிடம், பேரிங் தேய்ந்து ரெண்டு வாரமாவது தட்டியிருக்கும் என்று மட்டும் சொன்னான்.

மாமா டிரைவர் பக்கம் திரும்பினார். "ரெண்டு வாரமா தட்டிண்டிருக்கு. உமக்குக் கேக்கலையா ஓய்?"

"கேக்கலீங்க சாமி."

அவர் குழாயைக் காட்டியிருக்கலாம், என்னைக் காட்டியிருக்கலாம். செய்யவில்லை. கேட்காமல் போனதே அவருக்குத் திகைப்பாக இருந்தது. நான் சொன்னேன்: "அவருக்குக் காது மந்தமாயிடுத்து மாமா. கொஞ்ச நாளாவே கவனிச்சிண்டிருக்கேன்."

டிரைவர் தன் வலது காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். மறுநாள் அவர் வேலைக்கு வரவில்லை. வர வேண்டாம் என்று மாமா சொல்லியனுப்பியிருந்தார். வண்டிக்கு வேறு எஞ்சின் வைத்தபோது, பழைய சைலன்சரையும் எண்ணெய்க் கிண்ணத்தையும் நானே பக்கத்தில் நின்று மாட்டவைத்தேன். யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

ஏழு வருஷம் கழித்து, மாமாவும் காலமான பிறகு, கௌதள்ளிக்குப் போனேன். டிரைவர் வீட்டு முன்னால் மாட்டைக் கட்டிக்கொண்டிருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன்: மண், குழாய், நான் சொன்ன பொய். அவர் கயிற்றை விடவில்லை.

"அப்ப என்ற காது நல்லாத்தான் இருந்துச்சுங்களா?"

"நன்னாத்தான் இருந்தது. அந்தச் சத்தத்துல யாருக்குமே கேட்டிருக்காது."

"லாரி குடுக்கறோம்னு ரெண்டு பேரு வந்தாங்க. நாந்தான் வேண்டாம்னுட்டனுங்க. ஆள ஏத்திக்கிட்டுப் போயி, காது கேக்காம எங்கியாச்சும் கவுத்துப்புட்டா?"

உள்ளேயிருந்து அவர் மனைவியின் குரல் வந்தது. "ஏழு வருசமா சாமிக்கு பஸ்ஸு கெடைக்கலியாட்ட இருக்குது."

கொள்ளேகாலுக்கு பஸ் ஏறினேன்.

கொள்ளேகாலில் ஒரு பஸ் முதலாளியிடம் போய், நடந்ததை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். மைசூரில் மாமாவின் பேச்சைக் கேட்டு அவரை ஒதுக்கியிருந்த வண்டிக்காரர்களிடமும் ஒவ்வொருவராகப் போய்ச் சொன்னேன். பஸ் முதலாளி அவரை எடுத்துக்கொண்டார். ஒரு மாதம் கழித்து அந்த பஸ்ஸில் ஹனூர் வரை போனேன். வழியில் நாலு தடவை நிறுத்தினார். எஞ்சினை ஓடவிட்டு, இறங்கி, மூடியைத் திறந்து, தலையைச் சாய்த்தபடி நின்றார்.

"என்ன டிரைவரண்ணா, எஞ்சினுக்கு ஜோசியம் பாக்கறீங்களா? சந்தை கலைஞ்சுரும் போலிருக்குதே!" என்று ஒருவர் கத்த, பஸ்ஸே சிரித்தது.

நாலாவது தடவை என்னை ஜன்னல் வழியாகக் கூப்பிட்டார். "ஏதோ தட்டறாப்பல இருக்குதுங்க சாமி. உங்களுக்குக் கேக்குதுங்களா?"

இறங்கிப் போய்க் கேட்டேன். எதுவும் தட்டவில்லை. "இல்லை, நன்னா ஓடறது" என்றேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மறுபடியும் குனிந்து தானே கேட்டார்.

மூன்றாவது மாதம் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அவரைப் போகச் சொல்லவில்லை, அவராகத்தான் போனார் என்று முதலாளி எனக்குக் கார்டு எழுதினார். அதன்பின் இரண்டு தடவை கௌதள்ளிக்குப் போனேன். முதல் தடவை மோர் கொடுத்தார். வண்டியைப் பற்றி இருவருமே பேசவில்லை. அடுத்த தடவை அவர் காட்டுக்குப் போயிருப்பதாக மனைவி சொன்னார். மத்தியானம் வரை காத்திருந்துவிட்டுத் திரும்பினேன். அவர் பிறகு எந்த வண்டியையும் ஓட்டவில்லை என்று கேள்விப்பட்டேன்.