ரூபியாவின் பத்து நிமிஷக் கறுப்பு

சங்கரன்கோவிலில் கல்யாணப் பெண்ணின் கையைப் பார்த்தே, "இது ரூபியா போட்டது" என்று சொல்லிவிடுவார்கள். கடையநல்லூரில் பிறந்து இங்கே வாக்கப்பட்டு வந்தவள். கணவன் முகம்மது அப்சல் சவூதியில் தம்மாமில் இருக்க, பதினோரு வருஷமாக மெஹந்தி போட்டே பேர் வாங்கியிருந்தாள். மற்றவர்களின் மருதாணி மணிக்கணக்கில் ஊறித்தான் சிவக்கும். இவள் கோன் பத்தே நிமிஷத்தில் கன்னங்கரேலென்று பிடிக்கும். காரணம் இலையில் இல்லை. முடிக்கு அடிக்கிற கறுப்புச் சாயப் பவுடரைத் தாராளமாகக் கலந்தாள். கேட்டவர்களிடம், "எல்லாம் கைராசி" என்றாள்.

பன்னிரண்டாவது வருஷம் அந்தக் கையே அரிக்க ஆரம்பித்தது. விரல் இடுக்கெல்லாம் சின்னச் சின்னக் கொப்புளம். பாத்திரம் கழுவுகிற சோப்பைச் சந்தேகப்பட்டு மாற்றினாள். கத்திரிக்காயையும் கருவாட்டையும் விலக்கினாள். எதிர்வீட்டுக்காரியின் கண்ணையும் சந்தேகப்பட்டாள். அவளை மட்டும் மாற்ற முடியவில்லை. சோறு போடுகிற பவுடர் மேல் மட்டும் சந்தேகமே வரவில்லை. கையுறை மாட்டிக்கொண்டு வேலையைத் தொடர்ந்தாள்.

அப்போதுதான் பக்கத்துத் தெரு ரிஸானாவின் கல்யாணம் வந்தது. போன பெருநாளுக்கும் அவள் ரூபியாவிடம்தான் கறுப்பு போட்டிருந்தாள். இந்தத் தடவை முழங்கை வரை மயிலும் கொடியும் மாங்காயும். போட்ட மூன்றாம் நாள், ரிஸானாவின் அம்மா கதீஜம்மாள் புதுப்பெண்ணை இழுத்துக்கொண்டு வந்து வாசலில் நின்றாள்.

"என் புள்ள கையில என்னத்தட்டி பூசித் தொலைச்ச?"

மயில் போட்டது போட்டபடி கொப்புளமாக எழும்பியிருந்தது. ஓர் இலைகூடப் பிசகவில்லை. மாப்பிள்ளை வீட்டில் யாரோ அதைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் போட்டிருந்தார்கள். அதற்கு ஒருத்தி, "டிசைன் சூப்பர், யார் போட்டது?" என்று கேட்டிருந்தாள்.

மூன்று பேரும் தோல் டாக்டர் இசக்கிசெல்வியிடம் போனார்கள். டாக்டர் ரிஸானாவைப் பார்த்து முடித்துவிட்டு, "அக்கா, நீங்க கையுறையைக் கழட்டுங்க" என்றார்.

"எனக்கு ஒண்ணும் இல்ல டாக்டரம்மா."

"கழட்டுங்கக்கா."

கழற்றினாள். டாக்டர் இரண்டு கைகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "ரெண்டு பேருக்கும் ஒரே வியாதிதான். ஹேர் டை பவுடர் கலந்தீங்களோ?"

ரூபியா மின்விசிறியைப் பார்த்தாள். கதீஜம்மாள் ரூபியாவைப் பார்த்தாள்.

டாக்டரே சொன்னார்: "அந்தச் சாயம் தோலுக்குள்ள போனா, நம்ம வெள்ளை அணுவுல சிலது அதை எதிரின்னு ஞாபகம் வச்சிக்கிடும். சிலருக்கு ஒரு தடவையே போதும், சிலருக்கு வருஷக்கணக்காகும். அப்புறம் அது பட்டா, பட்ட இடத்துத் தோல் கெமோகைன்னு ஒரு ரசாயனத்தைக் கசியவிடும். வெள்ளை அணு மேல அதைப் பிடிச்சிக்கிடுத ஏற்பிகள் இருக்கு. பிடிச்சதும், கெமோகைன் எந்தப் பக்கம் அதிகமோ அந்தப் பக்கமா ரத்தக் குழாயை விட்டு வெளிய வந்து ஊர்ந்து போகும். கூட்டமாப் போய்ச் சேருத இடந்தான் சிவந்து வீங்கிக் கொப்புளிக்குது."

"அதுக்காக மயில் அச்சு அசலா அப்படியேவா வரும்?" என்றாள் ரூபியா.

"சாயம் பட்ட இடத்துலதானக்கா கசியும்? நீங்க கோடு போட்டுக் குடுத்தீங்க."

"அந்த ஏற்பியை அடைக்க மாத்திரை இல்லியா?"

"ஒண்ணை அடைச்சா, வேற ஏற்பியை வச்சு வந்துருது. ஆராய்ச்சி நடந்துக்கிட்டுதான் இருக்கு. இப்போதைக்குக் களிம்பும் மாத்திரையும் தாரேன், புண்ணு ஆறிரும். ஆனா அந்த அணு மறக்காது. ரெண்டு பேரும் இனிமே ஹேர் டை பக்கமே போகக்கூடாது."

ரிஸானாவுக்கு ஆற மூன்று வாரம் ஆனது. தினமும் காலையில் ரூபியா போய்த் தானே களிம்பு தடவினாள். தான் போட்ட ஒவ்வொரு கொடியின் மேலும் விரல் வைத்துப் போக வேண்டியிருந்தது. ரிஸானா முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். திட்டியிருந்தால் தேவலை என்று ரூபியாவுக்குத் தோன்றியது.

பவுடரைக் கொட்டிவிட்டு வெறும் மருதாணி இலைக்கு மாறினாள். 'கறுப்பு மெஹந்தி போடப்படாது' என்று வாசலில் அட்டை மாட்டினாள். வந்துகொண்டிருந்தவர்கள் புளியங்குடியில் யாரோ பத்து நிமிஷத்தில் போடுவதாகக் கேள்விப்பட்டு அங்கே போனார்கள். போனில் கூப்பிட்டவர்களுக்கெல்லாம் கெமோகைனை விளக்கினாள். "அது என்ன ரூபியா லாத்தா, மூலிகையா?" என்றார்கள்.

நாலு மாதத்தில் அட்டைக்கு ஊர் ஆளுக்கொரு காரணம் கண்டுபிடித்தது. ரூபியா தீனில் இறங்கி மார்க்கப்பற்றுக்காரி ஆகிவிட்டாள் என்றார்கள் சொந்தக்காரர்கள். ஏதோ வேண்டுதல் என்றார்கள் கோவில் தெருக்காரர்கள். அந்தப் பேருக்கே பழைய வருமானத்தில் பாதிக்கு மேல் திரும்பி வந்தது.

கோவில் தெரு கோமதியம்மாள் தன் மகள் கல்யாணத்துக்கு மெஹந்தி போடச் சொல்ல வந்தாள். புதிதாகச் சாயம் அடித்த தலை பளபளத்தது. "விரதம் இருக்கிற கையால போட்டா விசேஷம்னு சொல்லுதாவ. எத்தனை நாளைக்கும்மா விரதம்?"

ரூபியா வெள்ளை அணுவிலிருந்து ஆரம்பிக்க வாயைத் திறந்தாள். அப்புறம், "ஆயுசுக்கும்" என்றாள். "ஆறு மணி நேரம் கையில தண்ணி படக்கூடாது, சரியா?"

கோமதியம்மாள் பயபக்தியோடு தலையாட்டினாள்.