தங்கச்சிக்குப் போடாத ஊசி

தங்கச்சிக்கு ரெண்டு தடவை மூணாம் மாசத்துல கலைஞ்சிருச்சு. மூணாவது தடவை உண்டானப்ப, வாரம் ஒரு ஊசி போட வரணும்னு மாத்தளை ஆஸ்பத்திரியில சொல்லிவிட்டாங்க. மருந்து எழுதிக் குடுத்த துண்டை வாங்கிப் பார்த்தேன். புரோஜெஸ்டரோன்னு எழுதியிருந்துச்சு.

எனக்குத் தேயிலைத் தோட்டத்துப் புள்ளக்காம்பராவுல வேலை. கொழுந்தெடுக்கப் போற பொம்பளைங்க கைக்குழந்தைங்களை எங்கிட்டதான் விட்டுட்டுப் போவாங்க. நாலெழுத்து படிச்சவ வேற, சும்மா இருப்பேனா? புள்ள உண்டாகாம இருக்க எங்க டிஸ்பென்சரியில மூணு மாசத்துக்கு ஒரு ஊசி போடுவாங்க. அதுவும் இந்த மருந்தோட இனம்தான்னு நர்ஸ் எப்பவோ சொன்னது ஞாபகம் வந்துச்சு. "அடியே, கருவைக் கலைக்க உன்னை ஏமாத்திப் போடப் பாக்குறாங்கடி, போயிராத"ன்னு அவ கையைப் பிடிச்சுச் சொன்னேன். இனக்கலவரத்துல எங்க லயத்து வீடுங்க எரிஞ்சதைப் பார்த்தவங்க நாங்க. நம்ம சனத்தைக் குறைக்கத்தான் இந்த ஊசியெல்லாம்னு எல்லாரும் நம்பின காலம்.

அவ போகல. மூணாம் மாசம் முடியுறதுக்குள்ள அதுவும் போயிருச்சு.

ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூட்டிட்டுப் போனேன். ஏன் ஊசிக்கு வரலைன்னு டொக்டரம்மா கேட்டாங்க.

"இதுவும் டிஸ்பென்சரி ஊசி, கருவைக் கலைச்சிரும்னு நான்தான் பயந்துட்டேன் டொக்டர்"னு தங்கச்சி சொன்னா.

அந்தம்மா சிங்களத்துல பொறுமையா விளக்கினாங்க. ஊசியில இருக்குற இந்த ஹோர்மோன் வந்து உட்கார்றதுக்குன்னே கர்ப்பப்பையில ரிசெப்டர்னு இடம் இருக்காம். உட்கார்ந்தாத்தான் கர்ப்பப்பை சுருங்காம கருவைத் தாங்குமாம். டிஸ்பென்சரி ஊசியும் அதே இடத்துலதான் உட்காருமாம். ஆனா அது கரு உண்டாகுறதுக்கு முன்னாடியே முட்டை வராம தடுக்கப் போடுறதாம்.

"நீ பயந்த மருந்து வேற மகள். வெளிநாட்டுல ஒண்ணு இருக்கு. அந்த இடத்தைப் பிடிச்சுக்கிட்டு, தானும் வேலை செய்யாது, ஹோர்மோனையும் உட்கார விடாது. கரு கலைஞ்சிரும். நாங்க தந்தது அது இல்ல."

போட்டிருந்தா நின்னிருக்குமான்னு கேட்டேன். நிச்சயமாச் சொல்ல முடியாது, போட்டும் நிக்காதவங்க இருக்காங்கன்னாங்க. அந்தப் பதில் எனக்கு ஆறுதலா இருக்கும்னு நினைச்சேன். இல்ல.

திரும்பி வர்ற பஸ்ல, "ஏண்டி பழியை உன் தலையில போட்டுக்கிட்ட?"ன்னு கேட்டேன்.

"நீ சொல்லித்தான்னு தெரிஞ்சா உன்னை ஏசுவாங்கக்கா."

மறுநாள் காலையில எப்பவும் போல தாய்மாருங்க வந்து புள்ளைங்களை என் கையில குடுத்துட்டுப் போனாங்க. தங்கச்சிக்கு அதுக்குப் பிறகு ஒண்ணும் தங்கல. இன்னிக்கு வரைக்கும் என்னை யாரும் ஏசினதில்ல.