சின்னப் பெடியனைப் பிடி

வாகீசன் கனடாவில் எங்கள் வோபர்ன் வீட்டு பேஸ்மன்றில் வாடகைக்கு இருந்தவன். பிறம்ரனில் ஒரு வெயர்ஹவுசில் சாமான் தூக்குகிற போர்க்லிப்ற் ஓடினான். அதிர்ந்து பேசமாட்டான். வெள்ளிக்கிழமைகளில் என்னைக் கோயிலுக்குக் காரில் ஏற்றிப்போவான்.

போர் முடிகிற வருஷம் அது. அவனுடைய அக்கா கௌரிமலர் வன்னியில், ஷெல்லடிக்குள் இருந்தாள். பதினேழு வயது மகனைப் பங்கருக்குள் ஒளித்து வைத்திருந்தாள். அங்கே இயக்கத்துக்காரர் சண்டைக்கென்று பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டு போனார்கள். யாரிடமோ கெஞ்சி, செற்றலைற் போனில் எப்போதாவது ஒரு நிமிஷம் பேசுவாள். மூன்று கிழமையாக அந்தக் குரலும் இல்லை. வாகீசன் சோற்றைப் பிசைவான், சாப்பிடமாட்டான்.

அவனுக்கு இருந்த ஒரே பராக்கு, வேலையிடத்துப் பெடியளோடு கொம்பியூட்டரில் விளையாடுகிற பேஸ்போல். உண்மையான ஆட்டக்காரர்களை முறை வைத்து ஒவ்வொருவராகத் தங்கள் அணிக்கு எடுப்பார்கள். அந்த ஆட்டக்காரர் மைதானத்தில் அடித்தால் இவர்களுக்குப் புள்ளி. அப்படி எடுக்கிற நாளை எங்கள் பெடியள் பகிடியாக 'ஆள் பிடிக்கிற நாள்' என்பார்கள்.

அன்று ஞாயிறு மத்தியானம். நான் தேத்தண்ணி கொண்டு இறங்கினேன். கூட வேலை செய்கிற அல்பேட்டும் வந்திருந்தான்.

"அன்ரி, போன வருஷம் உவன் பேர்போன கிழவங்களா எடுத்துக் கடைசியா வந்தவன்," என்றான் அல்பேட்.

"இந்த முறை வேறை பிளான், அன்ரி. பெரிய ஆக்களை விட்டிட்டு, இன்னும் ஒருத்தருக்கும் தெரியாத இளம் ஆக்களை முதலே எடுக்கப்போறன்," என்றான் வாகீசன். கனநாளைக்குப் பிறகு அவன் முகத்தில் ஒரு சிரிப்பைக் கண்டேன்.

அப்போதுதான் அவனுடைய போன் அடித்தது. எனக்கும் கேட்கட்டுமென்றோ என்னவோ, காதில் வைக்காமல் ஸ்பீக்கரை அமத்திவிட்டு மேசையில் வைத்தான்.

"தம்பி..."

"அக்கா! அக்கா, எங்கை நிக்கிறியள்?"

அல்பேட் திரையைப் பார்த்தபடி இருந்தான். அவனுக்கு இது எதுவும் காதில் ஏறவில்லை. "மச்சான், உன்ரை முறை வந்திட்டுது! அந்தச் சின்னப் பெடியனைப் பிடி! மற்றவங்கள் கொண்டுபோக முதல் பிடியடா!" என்று கத்தினான்.

போனில் கௌரிமலரின் குரல் வந்தது. தம்பியோடு பேசுகிற குரல் இல்லை அது, வாசலில் வந்து நிற்கிறவர்களுக்குப் பதில் சொல்கிற குரல்.

"ஐயா, இஞ்சை பெடியன் ஒருத்தரும் இல்லை. நான் தனிச்ச மனுசி."

தொடர்பு அறுந்தது.

வாகீசன் அந்த நம்பரைத் திரும்பத் திரும்ப அமத்தினான். கிடைக்கவில்லை. "அல்லோ, அக்கா, அது விளையாட்டு, அக்கா" என்று செத்த போனுக்குச் சொல்லிக்கொண்டிருந்தான். அல்பேட் தலையில் கைவைத்துக்கொண்டு நிலத்தில் இருந்துவிட்டான். பாவம், அவனும் பிள்ளை குட்டிக்காரன்.

வைகாசியில் சண்டை முடிந்ததென்று ரீவியில் சொன்னார்கள். ஆனியில் அகதி முகாமிலிருந்து கௌரிமலர் போன் எடுத்தாள். அவள் சொன்னதை வாகீசன் படியில் இருந்து எனக்குச் சொன்னான்.

"அண்டைக்கு இயக்கத்தின்ரை ஆக்கள் இஞ்சை என்ரை பக்கத்திலையே நிண்டு ஒட்டுக்கேக்கினம் எண்டு பயந்திட்டா, அன்ரி. இனி ஒளிக்கேலாதெண்டு அண்டு பின்னேரமே பிள்ளையைத் தெரிஞ்ச சனத்தோடை கடலேரியாலை ஆமிப் பக்கம் அனுப்பியிருக்கிறா. அந்தச் சனம் வேறை முகாமிலை இருக்கினமாம். அவனைக் காணேல்லையாம்."

"பங்கருக்குள்ளை இருந்திருந்தா மட்டும் என்ன நடந்திருக்குமெண்டு ஆருக்குத் தெரியும், அப்பன்?" என்றேன்.

"அதுதான் அன்ரி, ஆருக்கும் தெரியாது."

வெள்ளிக்கிழமை பிள்ளையாருக்குப் பிள்ளையின் பேரில் அர்ச்சனை செய்யப் போனோம். கோயில் நிறையச் சனம். ஐயர் தட்டை வாங்கிக்கொண்டு, "பேர் சொல்லுங்கோ," என்றார்.

வாகீசன் இரண்டு பக்கமும் பார்த்தான். பிறகு ஐயரின் தோளைப் பிடித்துக் குனிய வைத்து, பக்கத்தில் நின்ற எனக்கும் கேட்காமல், அவருடைய காதுக்குள் சொன்னான்.